செம்மஞ்சள் எச்சரிக்கையும் கூண்டுக் கிளியும்

கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலும் கிளி வளர்க்கும் வீடுகளுக்கு மழைக்காலத்தில் நேரும் ஆபத்து, கடலோர ஊர்களைப் போலக் காற்றினால் வருவது குறைவு. மேலிருந்து இறங்கும் மண்ணினாலும் கீழிருந்து ஏறும் ஆற்றுநீரினாலும் வருவதே மிகுதி. மகாவலி கங்கை நகரத்தை மூன்று பக்கங்களில் வளைத்து ஓடுவதால், கம்பளை, பேராதனை, கெட்டம்பே முதலிய இடங்களின் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் புகுகிறது. நகரம் வளர வளர, மலையை வெட்டிச் சமப்படுத்திய துண்டு நிலங்களில் வீடுகள் எழுந்துள்ளமையால், பின்சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கும் இடைவெளிகூட இல்லாத குடியிருப்புகள் பலவுண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைக் கடந்தபோது நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவட்டங்களுள் கண்டியே அதிக உயிர்களை இழந்தது. மின்சாரமும் குழாய்நீரும் தொலைபேசித் தொடர்பும் பல ஊர்களில் ஒரே நேரத்தில் அற்றுப்போயின. ஆடு, மாடு, கோழி ஆகியவை இத்தகைய இடர்களின் பின் இழப்பீட்டுக்காகவேனும் எண்ணப்படுகின்றன. விறாந்தையில் தொங்கிய கிளிக்கூண்டு பெரும்பாலும் எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

வளர்ப்புப் பறவைகளைப் புயலிலிருந்து காப்பது பற்றி வெளிநாடுகளில் எழுதப்பட்டவற்றை வாசிக்கும் கண்டி வாசகர், அவற்றின் முதல் அறிவுரையிலேயே இடறுகிறார். சன்னல் இல்லாத உள் அறையைத் தேர்ந்து, கூண்டைச் சுவரோடு ஒட்டி வைத்து, புயல் கடக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது சமவெளியில் கொங்கிறீற்று வீடுகளில் வாழ்வோருக்குப் பொருந்தும் அறிவுரை. மண்மேட்டின் கீழ் அமைந்த மலையக வீட்டில் அந்த உள் அறையே, அதிலும் மேட்டை ஒட்டிய பின்னறையே, எல்லாவற்றிலும் ஆபத்தான இடம். மண்சரிவு என்பது நீரை உறிஞ்சிக் கனத்த மண், தன்னைத் தாங்கிய பாறைப் படையிலிருந்து பிடி விட்டு இறங்குவதாகும். அது தொடங்கிய பின் கூண்டை எடுப்பதற்கு மட்டுமன்று, குழந்தையைத் தூக்குவதற்கும் அவகாசம் தருவதில்லை. 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் மீரியாபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகள் காலை வேளையில் புதையுண்டதை மலையகம் மறந்துவிடவில்லை. ஆகவே இப்பகுதியில் கிளியைப் பாதுகாப்பது என்பது, வீட்டை விட்டு உரிய நேரத்தில் வெளியேறும்போது கிளியும் உடன் வெளியேறும்படி செய்வதே. ஏனைய ஏற்பாடுகள் யாவும் இதற்குத் துணையானவை.

உரிய நேரம் எது என்பதை மதிப்பிடத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மூன்று நிலை எச்சரிக்கைகள் உதவுகின்றன. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்கும்படி மஞ்சள் நிலையும், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறத் தயாராகும்படி செம்மஞ்சள் நிலையும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ வெளியேறும்படி சிவப்பு நிலையும் வருகின்றன. (மழைமானி இல்லாத வீட்டில், வாய் முதல் அடிவரை ஒரே அகலமுள்ள நேரான சுவருடைய ஏதேனும் ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, அதில் தேங்கும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் போதுமான மதிப்பீடு கிடைக்கும், மரத்தின் கீழோ கூரை விளிம்பின் கீழோ வைத்தால் அளவு பிழைத்துவிடும்.) பொதுமக்களுக்கு வெளியேறும் நிலை சிவப்பாக இருப்பினும், பறவை வளர்ப்போர் அதனைச் செம்மஞ்சளாகவே கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் உறுதியான நிலைப்பாடு. சிவப்பு நிலை நள்ளிரவில், மின்சாரம் இல்லாத வேளையில் வரக்கூடும். அப்போது வழுக்கும் படிக்கட்டுகளில் ஒரு கையில் கைவிளக்கும் மறு கையில் முதியவரின் கையும் இருக்கும். மூன்றாவது கை எவருக்கும் இல்லை. பாதைகளும் காத்திருப்பதில்லை. டித்வா வருவதற்குச் சில நாட்கள் முன்னர், 2025 நவம்பர் 22 அன்று, கீழ்க் கடுகண்ணாவையில் மண்ணும் பாறையும் சரிந்து உயிர்களைப் பலிகொண்டதோடு கொழும்பு–கண்டி வீதியும் மூடப்பட்டது. அந்த ஒரு வீதி மூடப்பட்டாலே கண்டியிலிருந்து மேற்கே உறவினர் வீட்டுக்குச் செல்லும் எண்ணம் பலருக்குக் கைகூடாமற் போய்விடும்.

வெளியேறுவதற்கு வேண்டிய முதற்பொருள் ஒரு சிறு பயணக் கூண்டு. கிளி அன்றாடம் வாழும் பெரிய கூண்டு எவ்வளவு நல்லதாயினும் பயணத்துக்கு உதவாது. அதன் அகலம் குறுகிய ஒழுங்கையில் முட்டும், முச்சக்கர வண்டியில் நுழையாது, அசைவில் ஊஞ்சல்களும் தீனிக் கிண்ணங்களும் பறவையின் மேல் விழும். அவசரத்துக்கு அட்டைப்பெட்டியை நாடுவோர் பலர். பட்ஜி போன்ற சிறு பறவைக்கு அது சில மணி நேரம் தாங்கும், ஆனால் மழையில் நனைந்த அட்டையின் அடி பிய்ந்துபோகும், பெரிய பச்சைக்கிளியோ ஆபிரிக்கச் சாம்பற்கிளியோ நனையாத அட்டையையும் சிறிது நேரத்தில் கிழித்து வெளியே தலை நீட்டிவிடும். மூடியுடன் கூடிய பிளாஸ்டிக் கூடையைச் சிலர் பயன்படுத்துகின்றனர். மூடியை நான்கு பக்கமும் கம்பியால் கட்டி, உள்ளே தாழ்வாக ஒரு மரக்கிளையைப் பொருத்தினால் அது மோசமன்று. எனினும் பூனைகளை மருத்துவரிடம் எடுத்துச் செல்லப் பயன்படும் கடினப் பிளாஸ்டிக் பெட்டியே இதற்கு மிகவும் ஏற்றது: கைப்பிடி மேலே இருக்கிறது, பக்கங்கள் மறைந்திருப்பதால் பறவை மிரள்வது குறைகிறது, முன்கதவுக் கம்பிகளின் வழியே காற்று வருகிறது. உள்ளே உட்காரும் தண்டு தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் இருத்தலாகாது. பெட்டி சாயும்போது பறவை விழுந்தாலும் அடிபடாத உயரம் அது. அடியில் செய்தித்தாளுக்குப் பதில் வெள்ளைத் தாளை விரித்தால், எச்சத்தின் நிறமாற்றம் உடனே தெரியும். பறவை நோயுற்றிருப்பதை முதலில் காட்டுவது பெரும்பாலும் எச்சமே. பெட்டியை மூட ஒரு பருத்தித் துணியும், அதற்குமேல் மழை படாமலிருக்க ஒரு பொலித்தீன் உறையும் வேண்டும். பொலித்தீனை முழுவதும் இறுக்கிக் கட்டாமல், கதவுப் பக்கத்தைத் திறந்து விடவேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

பெட்டியை வாங்கி அலுமாரியின் மேல் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவதே இவ்விடயத்தில் மிகப் பரவலான தவறு. கிளி புதிய பொருளைக் கண்டு அஞ்சும் இயல்புடையது. காட்டில் அதனை உயிரோடு வைத்திருக்கும் அந்த அச்சம், வெளியேற வேண்டிய வேளையில் அதற்கே எதிராகிறது. வெயில் காலத்தில், அவசரம் எதுவும் இல்லாத நாட்களில், பெட்டியைக் கூண்டருகே கதவு திறந்தபடி வைத்து, அதன் வாயிலில் கிளி விரும்பும் தீனியை (கோவைப்பழம், சூரியகாந்தி விதை, இளம் சோளம் போன்றவற்றை) இட்டு, நாளாக நாளாக அத்தீனியைச் சற்று உள்ளே தள்ளிக்கொண்டே போனால், பறவை தானாக உள்ளே நுழைந்து உண்ணத் தொடங்கும். அதன் பின் கதவை ஒரு கணம் மூடித் திறப்பது, பின்பு மூடியபடி வீட்டுக்குள் சுமந்து நடப்பது, பின்பு படிக்கட்டில் இறங்கி ஏறுவது என்று பழக்க வேண்டும். இடையில் பறவை ஒருமுறை மிரண்டுவிட்டால், பழக்கிய அனைத்தும் வீணாகி மீண்டும் வாயிலிலிருந்தே தொடங்க நேரலாம். பொறுமை இழந்து கையால் பிடித்துத் தள்ளுபவர், அந்தப் பெட்டியை அப்பறவைக்கு நிரந்தரப் பகையாக்குகிறார். கை நீட்டினால் விரல்மேல் ஏறும் பழக்கமும் இதே போல மதிப்புள்ளது. இருட்டில் அது பல நிமிடங்களை மிச்சப்படுத்தும்.

பழக்கப்படாத கிளியைப் பிடித்தே ஆகவேண்டிய நிலையில் துவாயைப் பயன்படுத்துவது முறை. அறையின் கதவு சன்னல்களை அடைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, கூண்டினுள் உள்ள ஊஞ்சல்களையும் கிண்ணங்களையும் முதலில் அகற்றிவிட்டு, விரித்த துவாயைக் கை மறையும்படி பிடித்துப் பறவையின் பின்புறத்திலிருந்து மூட வேண்டும். பெருவிரலும் சுட்டுவிரலும் தாடையின் கீழ் கழுத்தைச் சுற்றித் தளர்வாக வளையமிட்டால் தலை திரும்பிக் கடிக்காது. மறுகை கால்களையும் இறக்கை நுனிகளையும் தாங்கும். மார்பை மட்டும் எக்காரணம் கொண்டும் அழுத்தலாகாது. மனிதருக்கு நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் இடையே உதரவிதானம் என்னும் தசைத்தட்டு இருந்து மூச்சை இழுக்கிறது. பறவைக்கு அது இல்லை. அதன் நுரையீரல் விரிந்து சுருங்குவதில்லை. உடலெங்கும் பரவிய மெல்லிய காற்றுப்பைகள், மார்பெலும்பு முன்னும் பின்னும் அசையும்போது துருத்தி போல இயங்கிக் காற்றை நுரையீரலின் ஊடாகச் செலுத்துகின்றன. மார்பெலும்பு அசையாதபடி பிடிக்கப்பட்ட கிளி, வாய் திறந்திருந்தாலும் மூச்சு முட்டி இறக்கும். கடிக்கு அஞ்சி இறுக்கிப் பிடிப்பவர்களின் கையில் பறவைகள் இறப்பது இதனாலேயே.

இதே மூச்சமைப்புத்தான் புகையின் முன் கிளியைப் பெரிதும் பலவீனமாக்குகிறது. காற்று ஒரே திசையில் தொடர்ந்து ஓடும் நுரையீரல், பறப்பதற்கு வேண்டிய ஒட்சிசனை மிகத் திறமையாக உறிஞ்சுவது போலவே நச்சு வாயுவையும் உறிஞ்சிக்கொள்கிறது. மின்சாரம் நின்ற கண்டி வீடொன்றை நினைத்துப் பார்த்தால், மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு, மெழுகுதிரி, நுளம்புச்சுருள், அறைக்குள் கொண்டுவரப்பட்ட விறகடுப்பு, சாம்பிராணி, வசதியுள்ள வீட்டில் விறாந்தையில் ஓடும் மின்பிறப்பாக்கி ஆகிய அனைத்தும் ஒரே இரவில் ஒன்றுசேர்வது தெரியும். குளிருக்கு அஞ்சிச் சன்னல்களும் அடைக்கப்பட்டிருக்கும். மனிதருக்குத் தலைவலியாக முடியும் அளவு காபனோரொட்சைட்டு (மணமும் நிறமும் அற்ற நச்சு வாயு) சிறு கிளியைக் கொல்லப் போதுமானது. ஒட்டாத பூச்சுடைய தாச்சி அடுப்பில் மறக்கப்பட்டு அளவுக்கு மீறிச் சூடேறினால் எழும் ஆவியோ இன்னும் கொடியது. கூண்டுப் பறவைகள் சில நிமிடங்களிலேயே மடிகின்றன. எனவே கிளி இருக்கும் அறையில் மின்கல விளக்கு தவிர வேறு எதுவும் எரியக் கூடாது. இருளில் திடீரென இடி இடித்தாலோ மின்னல் பாய்ந்தாலோ கொக்கடீல் கிளிகள் பெரும் பீதியுற்றுக் கூண்டெங்கும் மோதி இரத்தக் காயம் பட்டுக்கொள்வது வளர்ப்போர் நன்கறிந்த ஒன்று. கூண்டின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு மற்றப் பக்கங்களைத் துணியால் மூடி, மங்கலான மின்கல விளக்கொன்றை அருகில் எரிய விடுவதால் அந்தப் பீதி தணிகிறது.

நனைதலும் குளிரும் அடுத்தபடியானவை. கிளியின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 40 முதல் 42 பாகை செல்சியஸ். அந்த வெப்பத்தைக் காப்பது இறகுகளுக்கு இடையே அடைபட்ட காற்று. சேற்றுநீரில் தோய்ந்த இறகு அந்தக் காற்றை இழந்துவிடுவதால், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியின் மழை இரவு, உலர்ந்த கிளிக்குத் தாங்கக்கூடியதாயினும் நனைந்த கிளிக்கு உயிராபத்தாகிறது. 30 முதல் 40 கிராம் எடையுள்ள பட்ஜிக்கு இதைத் தாங்கும் சேமிப்பு உடலில் கிடையாது. நனைந்த பறவையைத் தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுத்து, வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும். வெப்பம் மிகும்போது பறவை விலகி நிற்க மறுபக்கம் வேண்டுமல்லவா. இறகைப் பருமனாக உப்ப வைத்துக் கண்மூடி இருப்பதும், மூச்சோடு வால் மேலும் கீழும் அசைவதும், கூண்டின் தரையில் இறங்கி அமர்வதும் தீவிர நோயின் அடையாளங்கள். கிளி நோயை இயன்றவரை மறைக்கும் பறவையாதலால், இவை கண்ணுக்குத் தெரியும்போது ஏற்கெனவே காலம் கடந்திருக்கும் என்றே கொள்ள வேண்டும்.

தீனியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கான உலர்ந்த விதைத் தீனியை இறுக்கமாக மூடும் டப்பாவில் வைத்திருந்தால் போதும். மழைக்கால ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையும் விதையும் நஞ்சு என்பதால், மாதந்தோறும் அதனை மாற்ற வேண்டும். பயணத்தின்போது பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து பறவையை நனைக்கும். அதற்குப் பதிலாக ஆப்பிள் துண்டோ வெள்ளரித் துண்டோ வைத்தால் நீர்த்தேவை ஓரளவு தீரும். வெள்ளத்தின் பின் கிணற்றுநீரையும் குழாய்நீரையும் கொதிக்கவைத்து ஆற்றியே கொடுக்க வேண்டும். நிவாரணமாக வரும் உப்பு பிஸ்கட்டும், கறி சேர்ந்த பருப்பும், தேநீரும் கிளிக்கு உகந்தவையல்ல. அவகாடோவைத் தனியாகவே குறிப்பிட வேண்டும். கண்டித் தோட்டங்களில் தாராளமாகக் காய்க்கும் அப்பழம் மனிதருக்குச் சத்துணவு, கிளிக்கோ இதயத்தைத் தாக்கிக் கொல்லும் நஞ்சு. அன்புடன் ஊட்டப்படும் ஒரு சிறு துண்டும் பறவையின் உயிரைப் பறிக்கக்கூடும்.

ஆபத்து நெருங்கியதும் கூண்டைத் திறந்து கிளியைப் பறக்கவிடுவதே கருணை என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. அதன் பின்னுள்ள இரக்கம் மெய்யானது. ஆயினும் முடிவு பிழையானது. கூண்டில் பிறந்து வளர்ந்த அவுஸ்திரேலிய இனப் பறவைக்கு இந்நாட்டுக் காட்டில் எதைத் தின்பது, எங்கே ஒதுங்குவது, பருந்தையும் பூனையையும் எவ்வாறு தவிர்ப்பது என்பது தெரியாது. இறக்கை வெட்டப்பட்ட கிளியோ பறக்கவே முடியாமல் முதல் வேலியோரத்திலேயே விழும். காட்டுக் கிளிகளே பெரும்புயலைத் தாங்குவதில்லை என்பதற்குப் போர்ட்டோ ரிக்கோத் தீவின் வரலாறு சான்று. அத்தீவுக்கே உரிய அமேசான் கிளி இனம், 1989இல் ஹியூகோ சூறாவளி தாக்குமுன் காட்டில் 47 ஆக இருந்து, பின் ஏறத்தாழ 23 ஆகக் குறைந்தது. 2017இல் மரியா சூறாவளி எல் யுங்கே மழைக்காட்டில் வாழ்ந்த கூட்டத்தையே ஏறக்குறைய அழித்துவிட்டது. அதே புயலில், இனப்பெருக்க நிலையங்களில் இருந்த கிளிகள், புயல் வருமுன் உறுதியான கட்டட அறைகளுக்குள் மாற்றப்பட்டமையால் பெரும்பாலும் உயிர் பிழைத்தன. அந்த இனம் இன்று பூமியில் எஞ்சியிருப்பதற்கு அவ்வறைகளும், புயலுக்கு முன்னரே பறவைகளைப் பிடித்து உள்ளே கொண்டுசென்ற பணியாளர்களின் உழைப்பும் பெருங்காரணம்.

கண்டியில் இவ்விடயத்துக்குச் சட்டம் சார்ந்த ஒரு பக்கமும் உண்டு. அதனைத் தவிர்த்து எழுதுவது நேர்மையாகாது. உடவத்தகலைச் சரணாலயத்திலும், கன்னொருவை, ஹந்தானைக் காடுகளிலும் இலங்கைக்கே உரிய இரு கிளியினங்கள் வாழ்கின்றன: சாம்பல் தலையும் பச்சைக் கழுத்துப்பட்டையும் உடைய லேயார்ட் கிளி ஒன்று, தலைகீழாகத் தொங்கி உறங்கும் சின்னஞ்சிறு தொங்கும் கிளி மற்றொன்று. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காப்பாற்றும் இப்பறவைகளைக் காட்டிலிருந்து பிடித்து வளர்ப்பது குற்றம். மரப்பொந்திலிருந்து குஞ்சுகளை எடுத்து விற்போரிடம் வாங்குபவரும் அக்குற்றத்துக்குத் துணைபோகிறார். இத்தகைய பறவையை மறைவாக வைத்திருக்கும் வீடுகள், இடர் வரும்போது அதனைப் பாதுகாப்பு நிலையத்துக்கோ மிருக வைத்தியரிடமோ கொண்டுசெல்ல அஞ்சி, பூட்டிய வீட்டில் விட்டுச் செல்கின்றன. காட்டில் பிறந்த உயிர், தன்னைக் காட்டிலிருந்து பிரித்தவரின் அச்சத்தினாலேயே கூண்டில் மூழ்கிச் சாவதைவிட வருந்தத்தக்கது வேறில்லை. இப்பறவைகளை வாங்காமலிருப்பதே அவற்றுக்குச் செய்யும் முதற் பாதுகாப்பு. புயலின் பின் தோட்டத்தில் காயமுற்று விழுந்து கிடக்கும் காட்டுக் கிளியைக் கண்டால், இருட்டான, காற்றோட்டமுள்ள பெட்டியில் அமைதியாக வைத்து வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். தொங்கும் கிளி பூந்தேனும் பழமும் உண்பது. அதற்கு விதைத் தீனியைத் திணிப்பது உதவியாகாது.

மருத்துவ உதவியைப் பொறுத்தவரை கண்டி மக்கள் நாட்டின் ஏனைய பகுதியினரைவிட வாய்ப்புப் பெற்றவர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக மருத்துவ, விலங்கு விஞ்ஞான பீடமும் அதன் போதனா மிருக வைத்தியசாலையும் இங்கேயே உள்ளன. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம் கெட்டம்பேயிலும், மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் கன்னொருவையிலும் இயங்குகின்றன. ஆனால் ஆறு பெருகும்போது பேராதனைக்குச் செல்லும் வழிகளே முதலில் தடைப்படக்கூடும் என்பதை ஆற்றின் மறுகரையில் வாழ்வோர் மனத்திற்கொள்ள வேண்டும்; தன் கரையில் எந்த மிருக வைத்தியர் பறவைகளைப் பார்க்கிறார் என்பதை மழைக்கு முன்னரே விசாரித்து வைப்பது அறிவுடைமை.

பாதுகாப்பு நிலையத்தில் கிளிக்கு இடம் உண்டா என்பதே எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. பாடசாலை, கோவில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் மண்டபங்களில் நூற்றுக்கணக்கானோர் பாயோடு பாய் ஒட்டிப் படுத்திருக்கையில், அங்கே கூண்டுடன் நுழைபவர் மீது சினம் எழுவது இயல்பே. அச்சினத்துக்கு நியாயமும் உண்டு. கொக்கடீல், சாம்பற்கிளி போன்றவற்றின் இறகுத்தூள் ஆஸ்துமா நோயாளருக்கு ஆகாது. கிளிக்காய்ச்சல் எனப்படும் சிற்றகோசிசு, கிளமிடியா இனப் பற்றீரியாவினால் உண்டாகி, உலர்ந்த எச்சத்தின் தூள் மூச்சோடு உட்செல்வதால் மனிதருக்குத் தொற்றுவது. 1929–30இல் வளர்ப்புக் கிளிகளோடு பல நாடுகளுக்குப் பரவி உயிர்களைக் கொண்டது. எனவே கூண்டை மண்டபத்துக்குள் கொண்டுசெல்லாமல், மழை படாத, சமையற் புகை எட்டாத வெளித்திண்ணை ஒன்றில் வைக்க அனுமதி கேட்பதும், எச்சத்தாளை ஈரமாக்கிய பின்னரே சுருட்டி அகற்றுவதும், பிறருடைய பறவைகளோடு கிண்ணங்களைப் பகிராதிருப்பதும் கிளி வளர்ப்போரின் கடமை. மறுபுறத்தில் அரசுக்கும் கடமை உண்டு. 2005இல் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவைத் தாக்கியபோது, பாதுகாப்பு நிலையங்கள் வளர்ப்பு விலங்குகளை ஏற்க மறுத்தமையால் வீட்டை விட்டு வெளியேறாது தங்கிவிட்டவர் பலர். அதன் விளைவாக, வெளியேற்றத் திட்டங்களில் வீட்டு விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்ற சட்டம் 2006இல் அங்கே நிறைவேறியது. விலங்குக்கு இடமளிப்பது மனித உயிரைக் காப்பதோடு நேராகத் தொடர்புடையது என்பதை அந்நாடு பெருவிலை கொடுத்தே கற்றது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இடர் முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் இயங்கும் நம் கட்டமைப்பு அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. கிராம உத்தியோகத்தர் பிரிவுதோறும் பாதுகாப்பு நிலையமாகக் குறிக்கப்படும் பாடசாலையில், ஒரு சைக்கிள் கொட்டகையையோ பழைய களஞ்சிய அறையையோ விலங்குகளுக்கென முன்கூட்டியே ஒதுக்குவதற்குப் பெரும் பணமும் தேவையில்லை.

வீடு திரும்பிய பின் வரும் நாட்களை ஆபத்தற்றவை என்று கருதுவது பிழை. சேறு புகுந்த சுவரில் பூஞ்சணம் படரும். அதன் வித்திகள் கிளியின் காற்றுப்பைகளில் வேரூன்றினால் ஏற்படும் நோய் மருந்துக்கு எளிதில் மசிவதில்லை. பிளீச்சிங் தூளால் வீட்டைக் கழுவும்போது எழும் குளோரின் ஆவியும், புதுப் பூச்சின் மணமும் கிளி இருக்குமிடத்தை எட்டலாகாது; தரை உலர்ந்து, சன்னல்கள் திறந்து, வாடை முற்றாக நீங்கிய பின்னரே கூண்டை உள்ளே கொண்டுவர வேண்டும். வெள்ளத்தின் பின் டெங்கு நுளம்பை ஒழிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் புகையடிக்க வருவது இங்கே வழமை. தேவையான அப்பணியைத் தடுப்பதற்கில்லை. அறிவித்தல் வந்தவுடன் கிளியை வேறு தெருவிலுள்ள உறவினர் வீட்டுக்கு மாற்றி, தீனி, தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவி வைத்த பின்னரே திரும்ப அழைத்துவர வேண்டும். வெள்ளநீரில் மூழ்கிய கூண்டின் நாகப்பூச்சு உரிந்திருந்தால் கிளி அதனைக் கொறித்து நஞ்சூட்டப்படும். அத்தகைய கூண்டை இரக்கமின்றிக் கழித்துவிடுவதே நல்லது.

கண்டியில் ஒக்தோபர் தொடங்கி நவம்பர் முடியும்வரை பருவமாற்ற மழையும், அதனைத் தொடர்ந்து வடகீழ்ப் பருவமழையும் பெய்கின்றன. ஆகவே கிளி வளர்க்கும் வீட்டார், ஓகஸ்ட் மாதத்திலேயே பயணப் பெட்டியை இறக்கித் துடைத்து, கிளியை அதற்குப் பழக்கத் தொடங்குமாறும், கால்வளைய இலக்கமும் அண்மைய புகைப்படமும் தொலைபேசியில் இருப்பதை உறுதி செய்யுமாறும், இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் அவசர இலக்கத்தை அப்பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுமாறும், செம்மஞ்சள் எச்சரிக்கை வந்த அன்று எவருடைய அழைப்புக்கும் காத்திராமல் பகல் வெளிச்சத்திலேயே புறப்படுமாறும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.